முக்கால் சுவருக்கு அப்பால் ஒரு சிரிப்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான பீரியடில் கரும்பலகையில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தமிழ் எடுக்கும் சுலோசனா டீச்சரின் கணவர். “சார், டீச்சர் போயிட்டா சார்” என்றார். எங்களோடு பேசிப் பேசி அவருக்கும் மனைவி டீச்சராகியிருந்தார். அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம்.

பக்கத்து அறையில் அவருடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். நடுவில் இருப்பது கூரையைத் தொடாத முக்கால் சுவர். செய்தியைச் சொல்ல வாசலுக்குப் போனேன். டீச்சர் லீவில் இருந்தும் பிள்ளைகள் அவரவர் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. படிக்கிற நேரத்தில் யார் வந்தாலும் பேச்சுக் கிடையாது என்பது டீச்சர் போட்ட சட்டம். மணி அடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரைக்குமாவது அவர்களுக்கு டீச்சர் இருக்கட்டும் என்று தோன்றியது.

மேலூர் சாலையில் உள்ள நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மதியம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் அவர் வகுப்பில் பாடம் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு கதைப் புத்தகம். பிடித்ததை எடுக்கலாம், பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம். கேள்வி கேட்க மாட்டார். தன் நாற்காலியைப் பிள்ளைகளுக்கு நடுவில் இழுத்துப் போட்டு அவரும் படிப்பார். முதல் சில வாரங்கள் சுவருக்கு அப்பால் ஒரே சந்தைக்கடை. என் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு காதில் விழாது. டீச்சர் அதட்டியதே இல்லை. படித்துக்கொண்டே இருப்பார். இரைச்சல் தானாகக் குறைந்து ஒருநாள் நின்றுபோனது. அதன் பிறகுதான் அந்தச் சிரிப்பு கேட்கத் தொடங்கியது. படிக்கிறபோது வந்து, அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. என் வகுப்பே பேனாவை வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கும். “டீச்சர் என்னத்தப் படிச்சாக சார்?” என்று கேட்பார்கள். எனக்கெப்படித் தெரியும்? டீச்சரிடமே கேட்டேன். “சொன்னா சப்புன்னு போயிரும் சார். படிங்க, தெரியும்” என்றார்.

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் கேட்டேவிட்டேன்: “பிள்ளைக படிக்கட்டும் டீச்சர். அந்த நேரத்துல நீங்க நோட்டுத் திருத்தலாம்ல?”

டீச்சர் டிபன் பாக்ஸை மூடினார். “எங்க வீட்ல பேசுறது சௌராஷ்டிரா சார். தமிழுக்குன்னு ஆளு வச்சு யாரும் எனக்குச் சொல்லிக்குடுக்கல. எங்கப்பா சாயங்காலம் தறிய விட்டு எந்திரிச்சு ஒரு வாரப் பத்திரிகைய எடுத்துக்கிட்டு உக்காருவாரு. அவரு மூஞ்சி மாறிக்கிட்டே இருக்கும். அதுல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் எடுத்தேன். படிக்கிற மூஞ்சிய இந்தப் பிள்ளைக வேற எங்க போயிப் பாக்கும்?”

பிள்ளைகளின் வீடுகளை நினைத்துப் பார்த்தேன். அவருடைய ஊறுகாயை எடுத்துச் சாப்பிட்டேன்.

படித்த பிறகு பிள்ளைகள் கொஞ்ச நேரம் எழுத வேண்டும். எதை வேண்டுமானாலும் எழுதலாம். விருப்பமிருந்தால் சன்னல் கம்பிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றில், துணிக்கு மாட்டும் கிளிப்பில் தாளைத் தொங்கவிடலாம். நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை என்றால் முன்னுரையும் முடிவுரையும் இல்லாமல் கை ஓடாது. பாண்டி என்கிற பையன் தன் ஆட்டுக்குட்டி லாரியில் அடிபட்டுச் செத்ததை எழுதியிருந்தான். கடைசி வரி: ‘எனவே நாம் அனைவரும் ஆடுகளைப் பாதுகாத்து நாட்டை முன்னேற்றுவோம்.’

“குட்டி செத்தப்ப அழுதியாடா?” என்று டீச்சர் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

“அழுதேன் டீச்சர்.”

“அதோட நிறுத்திக்க. முடிவுரைய எங்கிட்டக் குடுத்துரு.”

ஒருமுறை அந்த அரை மணி நேரத்துக்கே ஆபத்து வந்தது. கணக்கில் பாஸ் குறைந்ததும் தலைமையாசிரியர் அதைப் பிடுங்கி என்னிடம் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம்தான். டீச்சர் சண்டைக்கு வரவில்லை. “எடுத்துக்கங்க சார். ஒரே ஒரு நாள் வந்து உக்காந்து பாத்துட்டு எடுத்துக்கங்க” என்றார். என் வகுப்புக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டுப் போய் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு, பிள்ளைகளை நோட்டம் விட்டபடி உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் முன் வரிசை மீனா சொன்னாள்: “சார், நீங்க பக்கத்தத் திருப்பவே இல்ல.” டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். “பாத்தீங்களா சார், நடிச்சாப் பிள்ளைக கண்டுபிடிச்சிரும்.” மறுநாளும் போனேன், நிஜமாகப் படிக்க. அந்த வாரமே தலைமையாசிரியரிடம் பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர் நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது, “எனவே நாம் அனைவரும் அம்மையார் காட்டிய வழியில்...” என்றார். பாண்டி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேனா சிரித்திருப்பேனா, தெரியாது.

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் என் தோளில் கைவைத்தார். “இனி அந்த அரை மணிய நீங்களே எடுத்துக்கங்க சார், ஸ்பெஷல் கிளாஸுக்கு. உக்கார ஆளு இல்லைல.”

“நான் உக்காருறேன் சார். படிக்கிறதுக்கு” என்றேன்.

அலமாரியில் டீச்சர் கடைசியாகப் படித்த புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்துபோன தடித்த நாவல், பெயர்கூட இல்லை. நடுவில் அடையாளத்துக்கு, டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டு. லீவில் போகும் முன் அவர் கடைசியாகச் சிரித்த சிரிப்பு இந்தப் புத்தகத்துக்குத்தான். என் வகுப்பில் பாதிப் பேர் அன்று கூடவே சிரித்தார்கள். எந்த இடம் என்று கேட்டதற்கு வழக்கமான பதில்தான் வந்தது. படிங்க, தெரியும்.

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கிணற்றுக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகள், பேச மறுக்கும் ஒரு சம்பந்தி. ஓரிடத்தில் எனக்கே சிரிப்பு வெடித்துவிட்டது. பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். ஆனால் டீச்சர் சிரித்த இடம் அதுதானா? தெரியவில்லை. பஸ் சீட்டு இருந்த பக்கம் வரை வந்துவிட்டேன், தெரியவில்லை. டீச்சர், எந்த இடம் என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? என் வகுப்பில் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை மதியம் உட்கார்ந்திருக்கிறேன், இனி அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வராது என்பது புத்திக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்த அரை மணியும் அந்த நாற்காலியும் இந்தப் பாதிப் புத்தகமும். சீட்டுக்கு அந்தப் பக்கம் டீச்சர் படிக்காதது. அவர் வராத இடத்துக்கு நான் மட்டும் போக மனமில்லாமல் அதே பக்கத்தில் கிடந்தேன்.

நேற்று மணி அடித்ததும் மீனா வந்து மெதுவாகச் சொன்னாள்: “சார், நாலு நாளா ஒரே பக்கத்துல இருக்கீங்க.”

இன்று மதியம் திருப்பினேன்.