ஆஸ்பிரினுக்குக் காவல் இருந்த ஞாயிறு

ஷிஃப்ட் முடிந்து கடைசியாக வெளியே வருகிறவன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வரவேண்டும். சுரங்கத்தில் எனக்கு ஊறிப்போன பழக்கம் அது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கல்லூரி வேதியியல் லேபில் அட்டெண்டராகச் சேர்ந்த பிறகும் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் இறக்கினேன்.

மறுநாள் காலை, வேதியியல் பாடம் எடுக்கும் மேடம் கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தார்.

"அண்ணா, மெயினை யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான் மேடம். ஸ்கிரீன் கருப்பா கெடந்துச்சு. சும்மா கீதுன்னு நெனச்சேன்."

அது சும்மா இருக்கவில்லை. ஆஸ்பிரின் மூலக்கூறு எந்த வடிவத்தில் நிலையாக நிற்கும் என்று வெள்ளி மத்தியானத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஓடவேண்டிய கணக்கு. திங்கட்கிழமை லேபைப் பார்வையிடக் கமிட்டி வருகிறது. பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தர முடியும் என்று காட்டாவிட்டால், கம்ப்யூட்டர் ஆபீஸுக்கு டைப் அடிக்கப் போய்விடும்.

மேடம் திட்டவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். கரண்ட் போனால் பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும்; அதற்குள் ஜெனரேட்டரைக் கிளப்ப ஆள் வேண்டும். ராத்திரிக்கு வாட்ச்மேன் இருந்தார். ஞாயிறு பகலுக்கு நான் வருகிறேன் என்றேன்.

"இன்னாங்க, சர்ச்சுல திருவிருந்து அன்னிக்கு மெஷினுக்குக் காவலா? பாஸ்டர் கேட்டா இன்னா சொல்றது?" என்றாள் மனைவி.

"தப்பு பண்ணவன் சரி பண்ணப் போயிருக்கான்னு சொல்லு."

ஆராதனை நேரத்தில் லேப் ஸ்டூலில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தேன். பாதியில் கரண்ட் போனது. ஓடினேன். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று கயிற்றை இழுத்ததில் மூன்றாம் தரம் ஜெனரேட்டர் பிடித்தது.

மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். மேடமும் வந்தார்.

"மேடம், ஸ்கிரீன்ல நம்பரு கொறஞ்சுக்கினே போவுதே, கெட்டுப்போச்சா?"

"கொறையணும்ணா. அது மூலக்கூறோட ஆற்றல். இதுக்குக் கீழ போக முடியாதுன்ற எடத்துல நின்னுடும்."

"சுரங்கத்துல ஆளுங்களை எறக்குற கூண்டு, அந்தக் கேஜ் கடைசி லெவல்ல போய் நிக்கிற மாதிரியா?"

"இவருக்கு இன்னும் கேஜ் நெனப்புதான்," என்றாள் மனைவி. மேடம் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை, முடிந்த கணக்கைக் காட்டி, "இந்த வடிவத்தில் ஏன் நிற்கிறது?" என்று கமிட்டிக்காரர் ஒரு மாணவியைக் கேட்டார். அவள் மேடம் சொல்லிக்கொடுத்திருந்த கேஜ் கதையையே சொன்னாள். நம் சுரங்க ஊர்ப்பிள்ளை, தடுமாறவே இல்லை. கம்ப்யூட்டர் லேபிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் பூட்டப்போனபோது என் கை தானாக மெயினுக்குப் போனது.

"அண்ணா!" என்றார் மேடம். அடுத்த கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துக்கொண்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.