ஜுலைகா எழுதிய பூஜ்யங்கள்

ஜுலைகாவின் அப்பா லாலாகூடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், பூர்வீகம் அரக்கோணம். அவள் நர்ஸ் படிப்பு முடித்து, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் மருத்துவமனையில் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. 1988 தொடக்கத்தில் கூடுதலாக ஒரு வேலை வந்தது.

மயக்க மருந்து டாக்டர் பத்ரிநாராயணன், பித்தப்பை அறுவைக்குப் பிறகு வரும் வலிக்கு இரண்டு முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு விலா எலும்புகளுக்கு அடியில் ஓடும் நரம்புகளைச் சுற்றி ஊசி. மற்றவர்களுக்கு நுரையீரல் உறையின் இடுக்கில் மெல்லிய குழாய் வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மருந்து. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நோயாளி சொல்ல வேண்டும். ஜுலைகா எழுத வேண்டும். நாலைத் தாண்டினால் வலியடக்கும் பெத்தடின் ஊசி.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் வேலை முடித்து, வலியைக் கேட்க வருவது மாலை ஐந்துக்கு, பார்வையாளர் நேரத்தில். புருஷன் பக்கத்தில் நிற்க, பெண்கள் பூஜ்யம் என்றார்கள். கடைசல் பிரிவு தேவராஜ் வேர்த்து வழிந்தபடி ஒன்று என்றான். அடுத்த கட்டிலில் அவனுடைய ஃபோர்மேன். இருபத்தாறு பேர் முடிந்தும் இரண்டு முறைக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இருபத்தேழாவது ஆள் கல்பகம், ஸ்டோர்ஸ் ராஜாராமனின் மனைவி. விலா ஊசி போடப்பட்டவள். அறுவைக்கு மறுநாள் மாலை அவளும் பூஜ்யம் என்றாள். ஆனால் மூச்சு மேலோட்டமாக ஓடியது, காய்ச்சல் நூற்றொன்று. இருமிச் சளியை வெளியேற்றாவிட்டால் நுரையீரலில் கட்டிக்கொள்ளும். ராஜாராமனைக் காபி வாங்கிவர அனுப்பிவிட்டு ஜுலைகா குனிந்தாள்.

“மாமி, ஒரு தரம் இருமுங்க.”

“இருமினா உயிரே போறதும்மா. அவர் காதுல விழுந்தா, குழந்தைகளை ஆத்துல தனியா விட்டுட்டு இங்கேயே உக்காந்துடுவார்.”

அடுத்த கட்டிலருகே நின்ற டாக்டரிடம் போய், கல்பகத்துக்கு ஊசி வேண்டும், வலி எண் எழுதிய முந்தைய தாள்களையும் நம்ப முடியாது என்று ஜுலைகா சொன்னாள்.

“பதினொரு மாசமா என்ன எழுதினீங்க சிஸ்டர்?”

“அவங்க வாயில வந்ததைத்தான் சார். இருமச் சொல்லிப் பார்க்கலை. என் தப்புதான்.”

டாக்டரின் முகம் சுண்டிவிட்டது. தானே வந்து, கல்பகத்திடம் தாழ்ந்த குரலில் மறுபடி கேட்டார். ஏழு என்றாள். பெத்தடின் போட்டு அரை மணி கழித்து, வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொண்டு இருமினாள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

ஐந்தாம் நாள் டாக்டர் ஜுலைகாவின் மேசையில் புதுத் தாள்கட்டு ஒன்றை வைத்தார். ‘இருமும்போது’ என்று ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. நோயாளி எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. இனி பார்வையாளர்கள் வருமுன், நாலு மணிக்கே வந்துவிடுவதாகச் சொன்னார்.