நாற்காலியில் நூறு அடி

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே ஒரு மனிதர் நூறு அடி உயரத்துக்குப் போக முடியுமா? பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு சித்தி வீட்டில் இருந்த என்னிடம் சித்தப்பா கேட்ட கேள்வி இது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

சித்தி பார்சல் அலுவலகத்தில் எடை போடுபவர். ஐம்பதை நெருங்கும் வயதில், விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கக் கற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்தார். முட்டி வலி என்று மாடிப்படிகூட ஏறாதவர். "எறங்குறதுக்கு முட்டி எதுக்குங்க?" என்று சித்தப்பாவின் வாயை அடைத்துவிட்டார்.

பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு குதிக்கும் கட்டமெல்லாம் முடிந்தது. வரும் சனிக்கிழமை தனியாகக் குதிக்க வேண்டும். விழும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணால் கணிக்க முடியாது. மணிக்கட்டில் கட்டிய உயரமானிதான் சொல்லும். அதைப் பார்த்துத்தான் பாராசூட்டை விரிக்க வேண்டும். பயிற்சி நிலையத்தில் இரவல் கொடுத்த உயரமானியின் கண்ணாடி முழுக்கக் கீறல். அதனால் சொந்தமாக ஒன்று வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் எண்கள் ஒளிரும் ஒன்றை நீட்டினார். சித்தி அதைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், கண்ணைச் சுருக்கினார்.

"இது ஆறா, எட்டா?"

"கண்ணாடி போட்டுப் பாருங்கம்மா."

"விழுந்துக்கிட்டு இருக்கும்போது கைப்பையைத் திறந்து கண்ணாடி தேடவா? முள்ளு வச்சது குடுங்க. முள்ளு எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்."

அடுத்து அவர் எடுத்துக் கொடுத்ததற்கு அகலமான முகப்பு, கீழ் உயரங்களுக்குச் சிவப்புப் பட்டை. அதை வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அதன் பக்கத்திலிருந்த குமிழைத் திருப்பி முள்ளைச் சைபரில் நிறுத்தினார் சித்தி.

மறுநாள் சித்தப்பா ஆசைப்பட்டு அதைக் கையில் கட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தார். வெளியே மழை மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று கத்தினார்.

"ஏய், நான் நூறு அடி மேல இருக்கேனாம்!"

"உங்க நெனப்பு எப்பவுமே அந்த உயரத்துலதானே இருக்கு," என்றபடி வந்த சித்தி முள்ளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"உக்காந்திருக்கற ஆளையே தூக்கி விடுற மீட்டர், விழுறவளை என்ன பண்ணும்? நான் சனிக்கிழமை குதிக்கலை."

முதலில் எதிர்த்த சித்தப்பா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ பதறினார். "ஆபீஸ் முழுக்கச் சொல்லிட்டேனேம்மா! எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?"

கொட்டும் மழையில் சித்தியையும் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், "பொய் சொல்ற மீட்டர் எங்களுக்கு வேண்டாம்," என்று மேசையில் வைத்தார். கடைக்காரர் எங்கள் குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

"ஐயா, இது உயரத்தை நேரா அளக்காது. காத்தோட அழுத்தத்தைத்தான் அளக்கும். மேல போனா அழுத்தம் குறையும். மழை வரும்போதும் குறையும். ரெண்டுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. குதிக்கிற அன்னிக்கு, எறங்கப்போற மைதானத்துல நின்னு சைபர் வைக்கணும். வீட்டுல வச்ச சைபர் அங்க உதவாது."

சித்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! தெனமும் காலையில தராசைச் சைபருக்குக் கொண்டுவராம ஒரு பார்சலைத் தொடமாட்டேன். இதுவும் அதே கதைதானா? முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீங்க ஆறா எட்டான்னு கேட்டதுல எனக்கு எல்லாமே மறந்துபோச்சும்மா."

சனிக்கிழமை வானம் பளிச்சென்று இருந்தது. மைதானத்தில் முள் சைபருக்கும் கீழே நின்றது.

"இப்ப பூமிக்குள்ள நிக்கிறோமா?" என்றார் சித்தப்பா.

சித்தி குமிழைத் திருப்பி முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்து, பயிற்சியாளரிடம் காட்டிவிட்டு விமானத்தில் ஏறினார். வெகுநேரம் கழித்து வானத்தில் ஒரு புள்ளி விழுந்தது. சித்தப்பா என் கையை நசுக்கினார். புள்ளிக்கு மேலே சரியான உயரத்தில் மஞ்சள் குடை விரிந்த பிறகுதான் விட்டார்.

சித்தி உட்கார்ந்த வாக்கில் புல்லில் சறுக்கி வந்து நின்றார். நாங்கள் ஓடினோம்.

"அடி கிடி பட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லைங்க. முள்ளையே பாத்துக்கிட்டு வந்ததுல ஊரைப் பாக்க மறந்துட்டேன். இன்னொரு தடவை போகணும்."

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது புது உயரமானியைக் கோபத்தோடு கடைக்குத் திருப்பி எடுத்துப்போனால், வழியிலேயே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். குதிக்கப் போகிறவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.