குமாரி அக்காவின் வெள்ளைத் தாள்

ஜூன் மாதம் முதல் ஞாயிறு, இதே இடத்தில் நின்று, இதே மைக்கைப் பிடித்து நான் ஒரு சாட்சி சொன்னேன். கம்பெனியில் எனக்கு அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி தரப் போகிறார்கள், ஒரு வருஷ ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார் என்றேன். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். இரண்டு பேர் அழுதீர்கள். கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் கேசரி கொடுத்தேன். அந்தச் சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன். அதை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கிறது. அந்தக் கேசரியைச் சாப்பிட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஜாய்ஸ். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காருக்கு இரும்புப் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில், எச்.ஆர். பிரிவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். பெயர்தான் எச்.ஆர். பார்த்ததெல்லாம் பஸ் பாஸ், லீவு லெட்டர், கேன்டீன் டோக்கன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். அங்கிருந்து இன்னும் ஒரு படி ஏறியே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. சட்டம் தெரிந்த ஆளைத்தான் மேலே ஏற்றுவோம் என்று மேனேஜர் சொன்னார். போன வருஷம் ஆன்லைனில் தொழிலாளர் சட்டம் டிப்ளமோவில் சேர்ந்தேன். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. நாற்காலி வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. நம் ஆராதனையும் அதே நேரம். நான் இரண்டையும் விடவில்லை. முக்காட்டுக்குள்ளே வலது காதில் ப்ளூடூத்தை மாட்டிக்கொண்டு, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன். வலது காதில் சட்டம், இடது காதில் பாஸ்டர் ஐயா. நான் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, ஜாய்ஸ் எவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் பாருங்கள் என்று பாஸ்டர் அம்மா மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் தலையாட்டியது கிராஜுவிட்டிப் பாடத்துக்கு. இப்படி ஒரு வருஷம் கர்த்தரையும் ஏமாற்றி, உங்களையும் ஏமாற்றி, அதே வாயால் பதவி கேட்டு உபவாசமும் இருந்தேன்.

மே மாதம், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், குமாரி அக்காவின் கை மெஷினில் சிக்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஆறு வருஷமாக எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கவரைப்பேட்டைப் பக்கம் வீடு. கை உள்ளே போகாமல் தடுக்க மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். கார்டு என்று சொல்வோம். வேலை வேகமாக நடக்கவில்லை என்று அதை இரண்டு வாரத்துக்கு முன்பே மேலிடத்திலிருந்து சொல்லிக் கழற்ற வைத்திருந்தார்கள். திரும்ப மாட்டித் தரும்படி சூப்பர்வைசர் எழுதிய சீட்டை சேஃப்டி ஃபைலில் கோத்து வைத்ததே நான்தான். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேரும் நாளில் ஒவ்வொருவரிடமும் ஒரு வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்துவிடுவது எங்கள் கம்பெனிப் பழக்கம். மேலே ஒரு எழுத்து இருக்காது. பின்னால் தேவைப்பட்டால் நிரப்பிக்கொள்ளலாம். நானும் போட்டிருக்கிறேன். குமாரி அக்காவிடம் வாங்கியது நான். சும்மா ஃபார்மாலிட்டி என்று சொல்லித்தான் வாங்கினேன். அவருக்குப் படிக்க வராது, கையெழுத்து மட்டும் பழகி வைத்திருந்தார். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு மு. குமாரி என்று எழுதி, மறந்துபோன புள்ளியைத் திரும்பி வந்து வைத்தார். எவ்வளவு அழகாகப் போடுகிறீர்கள் என்று நான் பாராட்டினேன். பாராட்டித் தாளை வாங்கி ஃபைலில் சொருகினேன்.

மே கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "கார்ட நானே கழட்டுனேன்னு அந்தம்மா கையெழுத்தோட ஒரு ஸ்டேட்மென்ட் வேணும். தாள் ஃபைல்ல இருக்கு. நீ சட்டம் படிக்கிற பொண்ணு, ஓட்டை இல்லாம எழுது. இது முடிஞ்சா நீதான் அசிஸ்டென்ட் மேனேஜர்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது இரண்டாவது பொய்ச் சாட்சி. கோபம் வரவில்லை. ஆபீஸ் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டு, ஈரத் தரையில் முழங்கால் போட்டு, கர்த்தாவே ஸ்தோத்திரம் என்றேன். ஒரு பெண்ணின் இரண்டு விரல் போனதற்கு நான் பாத்ரூமில் நன்றி சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறுதான் நீங்கள் கை தட்டியது.

ஆனால் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். நான்காவது வாரம் சனிக்கிழமை, திங்கள் காலை மேஜையில் இருக்க வேண்டும் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாளை மடங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக இடம் தேடினேன். என் பையில் மடங்காத ஒரே பொருள் வேதப்புத்தகத்தின் ஜிப் கவர்தான். அதற்குள் வைத்துக்கொண்டு போனேன். மறுநாள் அதே கவரோடு இங்கே வந்து உட்கார்ந்தேன்.

அன்று பாஸ்டர் ஐயா எல்லாரையும் ஐந்து நிமிஷம் மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? ஆண்டவரே, எழுத நல்ல வார்த்தை கொடும் என்று. அந்த நேரம் பார்த்து ப்ளூடூத்தில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பாடம் போன் ஸ்பீக்கரில் வந்துவிட்டது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாத்தியாரின் குரல் சபை முழுக்கக் கேட்டது. யார் மேல் குற்றம் சொன்னாலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது, ஏதேன் தோட்டத்தில் ஆதாமைக்கூடக் கடவுள் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் தண்டித்தார் என்று அவர் சொன்னார். சட்டக் கல்லூரிகளில் இதை வழக்கமாகச் சொல்வார்களாம். எனக்குத் தெரியாது. பின்வரிசையில் ஒருவர் உரக்க ஆமென் சொன்னார். சிலர் சிரித்தீர்கள். நான் போனை எடுக்கப் பையைத் துழாவினேன், கை அந்த ஜிப் கவரில் பட்டது.

விபத்து நடந்து ஒரு மாதமாகிவிட்டது. சூப்பர்வைசர், மேனேஜர், நான், எல்லாரும் குமாரி அக்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கர்த்தர் என் ஜெபத்துக்குப் பதில் சொன்னார் என்றால் அதுதான் பதில். அது என் இடது காதில் வரவில்லை, நான் முக்காட்டுக்குள் ஒளித்துக் கேட்ட பாடத்தில் வந்தது. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு அருவருப்பு. ஆராதனை முடியும் முன்பே எழுந்து போய்க் கவரைப்பேட்டைக்கு லோக்கல் ட்ரெயின் பிடித்தேன்.

குமாரி அக்கா வாசலில் உட்கார்ந்து, வலது கையில் கட்டோடு, இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாங்க மேடம் என்று சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு இன்னா நடந்துச்சு, அக்கா?" என்றேன்.

கீரையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். கார்டு இல்லாமல் பயமாக இருக்கிறது என்று மூன்று முறை சூப்பர்வைசரிடம் சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டு வந்தவர்கள்கூட உடம்பைப் பற்றித்தான் பேசினார்களாம். எல்லாம் கேட்டுவிட்டு, ஜிப் கவரைத் திறந்து தாளை அவர் மடியில் வைத்தேன்.

"இது இன்னா மேடம்?"

"நீங்க சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளு."

"மேல இன்னா எழுதிக்குது?"

"ஒண்ணும் எழுதல, அக்கா."

"அப்போ எதுக்கு எங் கையெழுத்து?"

ஒரு வருஷம் சட்டம் படித்திருந்தேன். இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அதில் என்ன எழுதச் சொன்னார்கள், எழுதினால் எனக்கு என்ன கிடைக்கும், எல்லாம். முகத்தில் அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையெழுத்து இனிமே எனக்கு வராது" என்றார்.

அந்த அடிப்பகுதியை மட்டும் நேராகக் கிழித்துத் தரச் சொன்னார். கிழித்துக் கொடுத்தேன். அதை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். "மீதிய நீயே வெச்சிக்கோ" என்றார். அதுவரை என்னை மேடம், நீங்க என்று அழைத்தவர். அந்த நீ எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் தாள் இல்லை, உரியவரிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். கூடவே ஒரு கடிதம் கொடுத்தேன். விசாரணை வைப்பதானால் குமாரி அக்காவுக்கு நோட்டீஸ் தர வேண்டும், கூட ஒரு தொழிலாளியை உட்கார வைத்துக்கொள்ள விட வேண்டும், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று எழுதி, சேஃப்டி ஃபைலில் இருந்த சீட்டின் நகலையும் இணைத்திருந்தேன். மேலே எழுத்து நிறைந்த தாளில் அந்தக் கம்பெனியில் நான் மனசாரப் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

"உன்னப் படிக்கச் சொன்னதே இந்த மாதிரி நேரத்துக்குத்தான். நீ எங்களுக்கே படிச்சுக் காட்டுற" என்றார் மேனேஜர். அவர் முகத்தில் இருந்த வெறுப்பைப் பார்த்தபோது எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் வந்தது. ஒன்பது வருஷம் இந்த முகம் சிரித்தால் போதும் என்று காத்திருந்தேனே.

ஜூலையில் விசாரணை நடந்தது. வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் நடத்தினார். குமாரி அக்கா நடுங்காமல் பேசினார். சீட்டின் நகலைப் பார்த்த பிறகு வக்கீல் மேனேஜரைத்தான் நிறையக் கேள்வி கேட்டார். கார்டை அக்காவே கழற்றினார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. விபத்து அறிக்கையைத் திருத்தி அனுப்பினார்கள். அக்கா இப்போது பேக்கிங்கில் இருக்கிறார், மெஷின்களுக்குக் கார்டு மாட்டியாகிவிட்டது. பதவி வேறு ஒருவருக்குப் போனது. எனக்குக் கேட் பக்கம் விசிட்டர் பாஸ் எழுதும் வேலை. ஏ.சி. கிடையாது. என்னோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் இப்போது வேறு மேஜை பார்த்துக்கொள்கிறார்கள். அதில் ஒருத்தி பாத்ரூமில் மட்டும் என் கையைப் பிடித்து நல்ல காரியம் செய்தாய் என்கிறாள். எங்கள் வீரமெல்லாம் பாத்ரூமோடு சரி.

ஆடி மாதம் குமாரி அக்கா பெரியபாளையம் அம்மன் கோயிலுக்கு வேண்டுதல் செலுத்தப் போனார். கை இன்னும் முழுசாக ஆறவில்லை, பை தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். கோயிலுக்குள் போகவில்லை, வெளியே அவர் செருப்பையும் பையையும் காவல் காத்துக்கொண்டு நின்றேன். வேப்பிலையையே சேலையாகக் கட்டிக் கோயிலைச் சுற்றி வந்து, ஈரத் தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் குணமாகத்தான் வேண்டிக்கொண்டாரா என்று கேட்டேன்.

"போன விரலு வருமா? எவனாச்சும் வந்து என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு வேண்டிக்கினேன். நீ வந்து கேட்ட" என்றார்.

இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குப் பிடிக்காது. சொல்லத்தான் போகிறேன். ஒரு வருஷம் உபவாசம் இருந்து நான் கேட்டது கிடைக்கவில்லை. நம் சபைப் பக்கமே வராத ஒரு பெண் கேட்டதற்குப் பதிலாகக் கர்த்தர் என்னை அனுப்பினார். அழுக்கான பதில்தான், ஒரு மாதம் தாமதமான பதில்தான். ஆனாலும் அந்த வேலைக்கு என்னைத் தள்ளிவிடாமல் எடுத்துக்கொண்டாரே, அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

படிப்பை விடவில்லை. தேர்வில் பாஸாகிவிட்டேன். வகுப்பு முடிந்துவிட்டது, காது இரண்டும் காலியாக இருக்கிறது, வேண்டுமானால் முக்காட்டை விலக்கிப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் எத்தனை பேர் எந்தெந்தக் கம்பெனியில் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். போடச் சொல்லி வாங்கினவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இரண்டு பேருமே வாருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கர்த்தரை நம்பி வாயைத் திறங்கள். நான் திறந்தேன், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

குமாரி அக்கா கொடுத்த மீதித் தாள் இதோ, இந்தக் கவருக்குள் இருக்கிறது. என்னுடைய தாள் இன்னும் மேனேஜரின் அலமாரியில் இருக்கிறது. நாளைக்கே அதில் எதையாவது எழுதி என்னை வெளியே அனுப்பலாம். ஜாய்ஸ் திருடினாள், ஜாய்ஸ் பொய் சொன்னாள் என்று உங்கள் காதுக்கும் வரலாம். அப்படி வந்தால் உடனே எனக்காக முழங்கால் போடாதீர்கள். முதலில் என் வீட்டுக்கு வந்து, என்ன நடந்தது என்று என்னை ஒரு வார்த்தை கேளுங்கள். ஜெபம் அப்புறம் பண்ணிக்கொள்ளலாம்.