ரப்பர் அக்காவுக்குத் தெரியாத கட்டங்கள்

அச்சகத்தில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. அழிப்பதுதானே அவள் பிழைப்பு! நாற்காலிப் படம் வந்தால் பின்னாலிருக்கும் சுவரை அழிப்பாள். செருப்புப் படம் வந்தால் தரையை அழிப்பாள். பொருள் மட்டும் மிஞ்சும். பக்கம் வடிவமைக்கிறவர்கள் அதை எந்த நிறத்தின் மேல் வேண்டுமானாலும் தூக்கி வைத்துக்கொள்ளலாம். சுருட்டை முடி, கம்பளி நூல் என்று வந்தால் மற்றவர்கள் மெல்லக் கழன்றுகொள்வார்கள். இவளோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முடி முடியாகப் பிரித்தெடுப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பதினெட்டு வருடத்தில் அவள் கைபட்ட படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அழித்த இடத்தில் கணினித் திரை வெள்ளையும் வெளிர் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் கட்டங்களைக் காட்டும். இங்கே ஒன்றுமில்லை என்பதற்கு அடையாளம் அது, அச்சில் வராது. நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்து, கட்டம் என்றால் காலி என்று அவள் கண் பழகிப்போயிருந்தது.

அவள் தங்கை தையல்காரி. யார் யார் கடையிலோ பன்னிரண்டு வருடம் தைத்துவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை காலை சொந்தக் கடை திறக்க இருந்தாள். "நோட்டீஸை எங்க அக்கா பாத்துக்குவா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதில் போட ஒரு தையல் மெஷின் படத்தையும் இணையத்தில் பிடித்து அனுப்பினாள். "பின்னணி இல்லாத படம்னு போட்டிருக்குக்கா. உனக்கு வேலை மிச்சம்."

அக்கா திறந்து பார்த்தாள். மெஷினைச் சுற்றிக் கட்டம். சரி, காலிதான். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளின் நடுவில் மெஷினை வைத்தாள். மேலே கடைப் பெயர், கீழே தொலைபேசி எண். எண்ணை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று தடவை சரிபார்த்தாள். அவள் கொடுத்ததை யாரும் மறுபடி பார்ப்பதில்லை என்பதால் நேராக அச்சுக்குப் போய்விட்டது.

வியாழன் மாலை அச்சுக்காரர் ஆயிரம் நோட்டீஸையும் கட்டாகக் கட்டி அவள் மேஜையில் வைத்தார்.

"எல்லாம் சரி, மெஷினுக்குப் பின்னாடி என்னக்கா அது? குளியலறை டைல்ஸா?"

"எங்க? ஒண்ணும் இல்லையே."

அவர் விரலை வைத்துக் காட்டினார். அவள் தாளைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள். அப்புறம்தான் உறைத்தது. பின்னணியை எடுத்துவிட்ட மாதிரி காட்ட, யாரோ கட்டங்களையே படத்தோடு சேர்த்து வரைந்து வைத்திருக்கிறார்கள். போலிப் படம்! சின்னப் பிள்ளைகூடப் பார்த்ததும் சொல்லிவிடும். இவளைப் போல வருடக்கணக்கில் கட்டத்தோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

மறுபடி அடிக்கலாமென்றால் இயந்திரத்தில் ஒரு பாடப்புத்தகம் ஏறிவிட்டது, நாளை மதியம்வரை இறங்காது.

"ஊரார் படத்தையெல்லாம் முடி முடியா வெட்டினேன். கூடப் பிறந்தவளுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டேனே" என்று அச்சுக்காரரிடமே புலம்பினாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்து நின்றாள், கழுத்தில் அளவு நாடாவோடு. நோட்டீஸ் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அய்யோ அக்கா!" என்றாள் தங்கை. "கட்டம் போட்ட துணியை விரிச்சு, அதுமேல மெஷினை வெச்சிருக்கியே! எனக்கு இது தோணவே இல்லை பாரு."

அச்சுக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் பாராட்டு அவளுக்குத்தான். ஒரு நிமிடம் இருந்தும் பார்த்தாள், முடியவில்லை.

"துணியும் இல்ல, மண்ணும் இல்லடி. தப்பு. நான் கவனிக்கல" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தங்கை நோட்டீஸை இன்னொரு தடவை பார்த்தாள். "அப்போ இது ஒண்ணுமில்லைங்கிறதுக்கு அடையாளமா?"

"ஆமா."

"போக்கா. எனக்கு இது துணிதான்" என்று கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரப்பர் அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை கடை திறந்தது. தங்கை சும்மா இருக்கவில்லை. நோட்டீஸுக்குப் பொருத்தமாக அதே வெள்ளை, சாம்பல் கட்டத் துணியில் முன் ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியிருந்தாள். வந்தவர்கள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். மெஷினைப் பார்த்தாள், துணி வெட்டும் மேஜையைப் பார்த்தாள், கடையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மனசு நிறைந்துபோய்த் தங்கையின் தோளில் கை போட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்குடி. வெயில் ஏறினா மூஞ்சியில அடிக்கும், அந்த முன் ஜன்னலுக்கு மட்டும் ஒரு திரை போட்டுடு."