அம்மா ‘ம்’ கொட்டிய படம்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். இது தர்மபுரத்தில், சுதாஜினியின் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

அவளுடைய அண்ணன் சுஜிதனுக்கு ஒரு படத்தில் பைத்தியம். வைக்கிங் வீரர்களோடு கப்பலேறி வடக்கே போகும் வெளியூரான் ஒருவனின் கதை. அம்மா விமலேஸ்வரிக்கு இங்கிலீஷ் விளங்காது. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அவன்தான் தமிழில் சொல்லுவான். "அந்தத் தாடிக்காரன் எங்கட யோகலிங்கம் மாமா மாதிரி அம்மா. குடிச்சால்தான் வீரம்." அம்மா ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவான். எப்போதும் முடிவு வருமுன் அம்மா தூங்கிவிடுவார்.

போன மாரியில் ஏஜென்சிக்காரனை நம்பி நோர்வேக்கு வெளிக்கிட்டான். "வைக்கிங்காரரிட்டத்தான் போறன். தாடியோட வாறன்." கடைசியாக ஏதோ ஒரு கடற்கரையிலிருந்து போன் எடுத்தான். இரவு படகு என்றான். பிறகு அந்தப் போன் வேலை செய்யவில்லை.

அடுத்த நாள் காலை. மழை. அம்மா தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

"தம்பியின்ர படத்தைப் போடு பிள்ளை."

அம்மாவுக்கு அண்ணன் எப்போதும் ‘தம்பி’தான். மணி 9.40. சுதாஜினி போட்டுவிட்டுக் குசினிக்குள் சமைக்கப் போனாள்.

"ம்..."

அம்மாவின் குரல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, "ம்..." பிறகு சிரித்தார்.

எட்டிப் பார்த்தாள். அம்மா டிவியைப் பார்க்கவில்லை. அண்ணனின் கதிரைப் பக்கம் காதைச் சாய்த்திருந்தார்.

"சத்தத்தைக் குறை பிள்ளை. தம்பி சொல்லுறது கேக்கேல்லை."

குறைத்தாள். மழை மட்டும் கேட்டது.

"ம்..."

கதிரைக்குக் கீழே ஈரம். கூரை ஒழுகவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

"ம்... ம்..."

படம் முடிந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"அந்த வெளியூரான் வீட்ட போறான் அம்மா. பாருங்கோ."

"இல்லையாம் பிள்ளை. தண்ணிக்குள்ள நிக்கிறானாம். குளிருதாம்." கதிரையைத் தடவினார். "நான் ‘ம்’ கொட்டிக்கொண்டுதான் இருந்தனான். அவன்தான் நிப்பாட்டிட்டான்."

சில நாள் கழித்து ஒரு போன். புளியங்குளத்து விதுசன். அதே படகில் போனவன்.

"படகு பிரண்டிட்டுது அக்கா. அதைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தம். நித்திரை கொண்டால் கை விட்டிடும். அதால சுஜிதன் அண்ணா ஒரு படக்கதை சொன்னவர். எல்லாரும் ‘ம்’ கொட்டோணும் எண்டவர்."

சுதாஜினி அண்ணனின் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிறகு குளிரில எங்களுக்கு வாய் திறக்கேலாமல் போச்சு. ஒரு ஆள் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுத்தான் அண்ணா கடைசிவரை சொன்னவர். அப்ப இங்க விடியேல்லை. ஊரில பத்து மணி இருக்கும்."

"ஆர் கொட்டினது?"

"தெரியேல்லை அக்கா. ஒரு அம்மான்ர குரல்..."

மூச்சு விட்டான்.

"எங்கட படகில பொம்பிளையள் ஒருத்தரும் இல்லை."