அண்ணன் தருவதாகச் சொன்ன இடம்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் படங்கள் வடிவமைப்பது என் வேலை. பொங்கல் முடிந்து சீசன் ஓய்ந்திருந்த நேரத்தில், நகரத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்து ஒரு கலை பண்பாட்டுத் திட்டம் போடப்போவதாக அரசாங்கத்தில் சொன்னார்கள். மக்களையே கேட்டு எழுத வேண்டுமாம். எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது. எங்கள் ஊரில் நான் கேட்டு எழுதுகிறேன் என்று பெயர் கொடுத்தேன்.

பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நிலபுலன் உள்ள எங்கள் தெருக்காரர்களும், கம்பெனி வேலைக்குப் போகிற காலனிக்காரர்களும் வந்திருந்தார்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். காலனியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"கம்பெனி வேன் வந்து எறக்கிவிட்டதும் தெருவுலதான் கும்மி பழகுறோம். லாரி வந்தா ஒதுங்கணும், போனா ஆடணும். எங்களுக்குன்னு ஒரு எடம் வேணும்."

உடனே என் அண்ணன் எழுந்தார். "ஊரணிக்கு மேக்க நம்ம எடம் சும்மாதான கெடக்கு? அங்கன கட்டிக்கிறட்டும். நான் தாரேன்."

கூட்டமே கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வெளியே வேலைக்குப் போகக் கூடாது என்று வீடே எதிர்த்தபோது எனக்காகச் சண்டை போட்ட ஒரே மனிதர் அவர். இப்படிச் செய்வார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. மதினி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"எழுதும்போது ஊரணி எடத்த மட்டும் எழுது. கோயில் முன்னால இருக்கிற மேடைய எழுதிறாத. அதுகளுக்குன்னு ஒன்னு ஆயிட்டா பெறகு நம்ம மேடையக் கேக்காதுகள்ல?"

நான் சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று நினைத்தேன்.

"என்னண்ணே சொல்றீக?"

"போன வருசமே கேட்டுச்சுக. இனிமே அந்தத் தொல்லை இல்ல."

கோபமே இல்லாத குரல். வயலுக்கு எப்போது தண்ணீர் பாய்ச்சலாம் என்று பேசுகிற அதே குரல். அந்த மேடை அரசாங்கப் பணத்தில் கட்டியது. மதினி முகத்தைப் பார்த்தேன். அவள் மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வேன் வந்து நிற்கிற இடத்தில் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தேன். தலைமுடியிலும் புருவத்திலும் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்க அவள் இறங்கினாள். ஓரமாகக் கூட்டிப்போய் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியும்க்கா."

"தெரியுமா? பெறகு ஏன் கை தட்டுனீக?"

"எடம் வேணும்ல? அதுக்காக அந்த மேடைய விட்டுட்டோம்னு யாரு சொன்னா?" சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். "ஏங்க்கா, அவுக தாரேன்னு சொன்னப்ப உங்களுக்குத் தெரியலையா? நீங்களும் தெரிஞ்சுதான் கை தட்டுறீகன்னுல்ல நெனச்சேன்."

சிறுவயதில் அந்த மேடைக்கு முன்னால் பாய் விரித்து எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். காலனிக்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். கூட்டம் அதிகம், உட்கார இடமில்லை, அதனால்தான் நிற்கிறார்கள் என்று அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன். உட்கார இடம் எப்போதும் இருந்தது.

ஆனி மாதம் சிவகாசியில் எல்லா ஊர்க்காரர்களையும் அழைத்து, எழுதியதை வாசித்தார்கள். எங்கள் ஊருக்கு நான்தான் வாசித்தேன். ஊரணி இடத்தைச் சொன்னேன். கோயில் முன்னால் உள்ள மேடை ஊருக்கே பொது, காலனிப் பெண்களும் அதில் ஆடுவார்கள் என்றும் சொன்னேன். அண்ணன் மூன்றாவது வரிசையில் இருந்தார். மெதுவாக எழுந்தார்.

"அப்ப அந்த எடம் கெடையாது. நான் தரல."

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கள் தெருக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். பள்ளிக்கூடத்தில் கை தட்டிய அதே ஆட்கள். கும்மிக்கு இடம் கேட்ட பெண் கடைசி வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திட்டத்தில் கடைசியில் பழைய மேடை மட்டும் நின்றது. அடுத்த பங்குனியில் கோயில் பொங்கல் திருவிழாவுக்கு, பேச்சுவார்த்தை பல நடந்த பிறகு, காலனிப் பெண்கள் அதில் ஏறிக் கும்மியடித்தார்கள். நான்கைந்து போலீஸ்காரர்கள் நின்றார்கள். எங்கள் தெருவில் பல கதவுகள் சாத்தியிருந்தன. நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக ஆடினார்கள், நடுவில் ஒருத்தி அடி தப்பியதும் மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை. மதினி மட்டும் எப்போதாவது போன் செய்து, "சாப்பிட்டீகளா?" என்று கேட்கிறாள். முன்பெல்லாம் அவள் என்னை வா, போ என்றுதான் கூப்பிடுவாள்.